மதுரைக்கு எந்த மாதம் வந்தால் என்ன சாப்பிடலாம்?

கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி மதுரைக்குக் குடிவரப்போகும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "ஜிகர்தண்டா, பரோட்டா, கறிதோசை எல்லாம் தெரியும். அதைத் தாண்டி, சாப்பாட்டையும் திருவிழாவையும் வைத்து இந்தப் பக்கத்து ஒரு வருஷத்தை எப்படிப் புரிந்துகொள்வது? எந்த மாதம் எங்கே போகணும்?"

நீங்கள் சொன்ன மூன்றையும் முதலில் ஓரமாக வைத்துவிடலாம். குறை ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் அவை தையிலும் கிடைக்கும், ஆடியிலும் கிடைக்கும். கடை போர்டில் எழுதியிருப்பது எதுவும் மதுரையில் மாதத்தைச் சொல்லாது. மாதத்தைச் சொல்பவை மூன்று இடங்கள்: கோயில் மடப்பள்ளி, கண்மாய்க் கரை (ஏரியை இங்கே கண்மாய் என்பார்கள்), காலையில் சாக்கை விரித்து உட்காரும் தரைக்கடை. இந்த மூன்றையும் ஆட்டுவிப்பது தண்ணீர். வைகையில் எப்போது தண்ணீர் வருகிறது, கண்மாய் எப்போது நிறைகிறது, எப்போது வற்றுகிறது என்று பார்த்துக்கொண்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

அதனால் சித்திரையில் ஆரம்பிக்காமல், மழையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மதுரைக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மேலூர் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனம். 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்தது, 1959இல் வைகை அணை வந்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் நெல்லும் கரும்பும் வாழையும். மேற்கே உசிலம்பட்டி, தெற்கே திருமங்கலம், பேரையூர் பக்கமெல்லாம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. சோளம், கம்பு, குதிரைவாலி, பருத்தி, உளுந்து. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு விதமான சமையல் இருப்பதற்குக் காரணம் இந்தத் தண்ணீர்க் கணக்குதான்.

மழைக்கு முன்னால் புரட்டாசி. பெருமாள் மாதம் என்பதால் கறிக்கடைகளில் கூட்டம் குறைந்திருக்கும். அழகர்கோயில், திருமோகூர், கூடலழகர் கோயில் என்று சனிக்கிழமைகளில் ஜனம் போகும். நவராத்திரிக்கு மீனாட்சியம்மன் கோயில் கொலு, வீடுகளில் சுண்டல். இதெல்லாம் எல்லா ஊரிலும் உண்டு. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது மேலூர் அருகே வெள்ளலூர் நாடு என்ற ஊர்க்கூட்டம். அங்கே புரட்டாசியில் ஏழைகாத்தம்மன் திருவிழா. காப்புக் கட்டிய 15 நாளும் சுற்றுப்பட்டு ஊர்களில் கறி, மீன் கிடையாது. அதோடு போகாது, குழம்பைத் தாளிக்கவும் மாட்டார்கள். மரம் வெட்ட மாட்டார்கள், கட்டட வேலை பார்க்க மாட்டார்கள். ஏழு சிறுமிகளைத் தேர்ந்தெடுத்து அந்த நாட்களுக்கு அம்மனாகவே பாவிப்பார்கள். ஆண்கள் உடம்பில் வைக்கோல் பிரியைச் சுற்றிக்கொண்டு வேஷம் கட்டி வருவார்கள், பெண்கள் மதுக்கலயம் சுமந்து நடப்பார்கள். ஒரு பண்டத்தைச் சமைத்துத் திருவிழா கொண்டாடுவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே கடுகு வெடிக்கும் சத்தமே இல்லாமல் ஊர் ஊராக இரண்டு வாரம் சமைக்கிறார்கள். என் கணக்கில் இந்தப் பக்கத்திலேயே கட்டுப்பாடான திருவிழா இதுதான்.

ஐப்பசி பிறந்து முதல் மழை நன்றாகப் பிடித்ததும் சந்தையில் இரண்டு சாமான்களைத் தேடுங்கள்.

முதலாவது அயிரை. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. வாய்க்காலிலும் கண்மாய் மடையிலும் புதுத்தண்ணீர் ஓடும்போது கிடைக்கும். அண்டாவில் தண்ணீர் விட்டு உயிரோடுதான் விற்பார்கள். செத்த அயிரையை விவரம் தெரிந்தவர்கள் வாங்க மாட்டார்கள். விலை ஆட்டுக்கறிக்குச் சமமாகவோ அதற்கு மேலோ இருக்கும். அதிர்ச்சியாகாதீர்கள். சேற்றில் கிடக்கிற மீன் என்பதால் வயிற்றில் மண் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் பாலோ தேங்காய்ப் பாலோ கலந்து அதில் விடுவார்கள். பாலைக் குடித்துவிட்டு மண்ணைக் கக்கிவிடும். அரைமணி நேரத்தில் அடியில் கறுப்பாகப் படிந்திருப்பதைப் பார்க்கலாம். அப்புறம் சொரசொரப்பான மண்சட்டியில் கல் உப்புப் போட்டு, மேலே ஒரு தட்டை வைத்து அழுத்திக்கொண்டு (இல்லாவிட்டால் அடுப்படி முழுக்கத் துள்ளும்) நன்றாக உரசிக் கழுவணும். வழவழப்பு போகிற வரைக்கும் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருக்கணும். வெட்டுவது, குடல் எடுப்பது எதுவும் இல்லை, தலையோடு முழுசாகத்தான். குழம்பு புளியும் மிளகாயும் சேர்ந்து சுண்டி, எண்ணெய் மேலே மிதந்த பிறகு மீனைப் போட்டு இரண்டு கொதியில் இறக்கிவிடணும். கரண்டி போட்டுக் கிண்டினால் கூழாகிவிடும். ஹோட்டலில் வருஷம் முழுக்க அயிரைக் குழம்பு என்று போர்டு மாட்டியிருப்பார்கள்; மழைக்கால வீட்டுக் குழம்பைச் சாப்பிட்ட பிறகு அந்தப் பக்கம் போகத் தோன்றாது.

இரண்டாவது அதலைக்காய். இது கரிசல் பக்கத்துச் சரக்கு. திருமங்கலம், கள்ளிக்குடி, விருதுநகர் பக்கம் மழைக்குப் பிறகு காட்டில் தானாகப் படரும் கொடி. பாகற்காயின் சின்னத் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விரற்கடை அளவு, எட்டு வரி ஓடியிருக்கும், கசப்பு. யாரும் தோட்டம் போட்டுப் பெரிசாக வளர்ப்பதில்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி, தை வரைக்கும் கிராமத்துப் பெண்கள் பறித்துக்கொண்டு வந்து தரையில் குவித்து விற்பார்கள். காலையில் வாங்கினால் அன்றைக்கே சமைத்துவிடணும். சாயங்காலம் வரை கூடையில் போட்டு வைத்தால் வெடித்து விதை வெளியே வந்துவிடும். அதனால்தான் சூப்பர் மார்க்கெட்டுக்கு இது வருவதே இல்லை. காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு, சின்ன வெங்காயம் நிறையப் போட்டு, நல்லெண்ணெயில் சுருள வதக்கினால் பழைய சோற்றுக்கும் தயிர்சோற்றுக்கும் வேறு ஒன்றும் வேண்டாம். புளிக்குழம்பும் வைப்பார்கள். உங்கள் பிள்ளைகள் முதல் தடவை முகத்தைச் சுளிப்பார்கள், பரவாயில்லை.

இதே ஐப்பசியில்தான் தீபாவளி. இனிப்பும் பட்டாசும் எங்கும் உண்டு. மதுரைப் பக்கம் தீபாவளி என்றால் அது கறி நாள். விடிய விடிய கறிக்கடை திறந்திருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி போட்டு, காலை ஆறேழு மணிக்கே இட்லிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. புரட்டாசி முழுக்க வாயைக் கட்டியிருந்தவர்களுக்கு அந்த முதல் இட்லி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிராமங்களில் நாலைந்து வீடுகள் வாரா வாரம் காசு போட்டுச் சேர்த்து, ஒரு கிடாயை வாங்கி, தீபாவளிக்கு உரித்துக் கூறு போடுவார்கள். ஈரல், நெஞ்செலும்பு, குடல் என்று எல்லாம் எல்லாக் கூறிலும் கொஞ்சம் விழணும். எந்தக் கூறு யாருக்கு என்பதில் சண்டை வராமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்பார். எடைபோட்டு வாங்கிய கறியைவிடக் கூறு கறிக்கு ருசி அதிகம் என்பவர்கள் கட்சியில் நானும் உண்டு. பலகாரத்தில் அதிரசமும் சுழியமும் இல்லாமல் தீபாவளி நடக்காது. அமாவாசையும் அன்றைக்கே சேர்ந்து வந்துவிட்டால் சில வீடுகளில் மட்டும் கறிச் சட்டிக்கு ஒருநாள் காத்திருப்பு.

கார்த்திகை தீபத்துக்குப் பொரியும் அப்பமும். பனி இறங்க இறங்க, தெருமுனைகளில் பருத்திப்பால் வண்டிக்குக் கூட்டம் கூடும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் கருப்பட்டி, சுக்கு, ஏலம் போட்டுக் காய்ச்சுவது. வருஷம் முழுக்க விற்றாலும் மார்கழி இருட்டில் குடிக்க வேண்டிய சாமான் அது. முள்முருங்கை வடையும் அப்படித்தான். நாயக்கர் காலத்திலிருந்து இங்கே இருக்கும் சௌராஷ்டிர மக்கள் அதில் கைதேர்ந்தவர்கள். முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டி எண்ணெயில் போட்டு, மேலே இட்லிப் பொடி தூவித் தருவார்கள். சளிக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு நாலு சாப்பிடலாம்.

மார்கழியில் ஒரே ஒரு நாளைக் குறித்து வையுங்கள்: தேய்பிறை அஷ்டமி. அன்றைக்கு மீனாட்சியம்மனும் சுந்தரேசுவரரும் அஷ்டமி சப்பரத்தில் வெளி வீதிகளில் வலம் வருவார்கள். எல்லா உயிருக்கும் இறைவன் படியளக்கிற நாள் என்று ஐதீகம். சப்பரம் வரும் பாதையில் அரிசியைத் தூவிக்கொண்டே போவார்கள். பின்னாலேயே ஜனங்கள் குனிந்து ரோட்டில் கிடக்கும் அரிசியைப் பொறுக்குவார்கள். நகைக்கடை வைத்திருப்பவரும் பொறுக்குவார், பூக்கட்டுகிறவரும் பொறுக்குவார். அந்த நாலு மணியைக் கொண்டுபோய் வீட்டு அரிசிப் பானையில் போட்டுவிட்டால் அந்த வருஷம் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்பது நம்பிக்கை. அம்மன் சப்பரத்தைப் பெண்கள் மட்டுமே இழுப்பார்கள். சித்திரைத் திருவிழாவின் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் என்னைக் கேட்டால், சோற்றைப் பற்றி மதுரை என்ன நினைக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல நாள் கிடையாது.

அதே மார்கழியில் திருமங்கலம் பக்கம் அனுப்பப்பட்டியில் இதற்கு நேர் எதிரான ஒரு பந்தி. கரும்பாறை முத்தையா சாமிக்குக் கறுப்புக் கிடாய்களை வெட்டி, ஆண்களே சமைத்து, ஆண்களுக்கு மட்டும் கறிச்சோறு போடுவார்கள். சாப்பிட்ட இலையை எடுப்பதில்லை. அந்த இலைகள் காய்ந்து சருகான பிறகுதான் பெண்கள் அந்தப் பக்கம் வரலாம் என்பது வழக்கம். உங்கள் வீட்டம்மா இதைக் கேட்டால் ஒரு பேச்சுப் பேசுவார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வழக்கத்தைச் சொன்னேன், அவ்வளவுதான்.

பூ வாங்குகிற வீடு என்றால் ஒரு தகவல்: மதுரை மல்லி மார்கழிப் பனியில் பூப்பது குறைந்துவிடும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். மல்லியை ஆசைதீர வாங்க பங்குனிக்கு அப்புறம்தான் காலம். அதுவரை தலைக்குப் பிச்சியோ கனகாம்பரமோ வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

தை பிறந்தால் மேலூர்ச் செங்கரும்பு, மஞ்சள் கொத்து, பனங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, பச்சை மொச்சை. இதில் மொச்சையை விட்டுவிடாதீர்கள். பச்சை மொச்சையும் கத்திரிக்காயும் போட்டுப் புளிக்குழம்பு, கூட நாலு துண்டு கருவாடு சேர்ந்தால் இன்னும் விசேஷம். தை ஒன்றாம் தேதி அவனியாபுரம், இரண்டு பாலமேடு, மூன்று அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு. அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பதால் தாண்டிப் போகிறேன். ஒன்று மட்டும்: முதல் தடவை போகிறவர்கள் சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போங்கள். அந்தக் கூட்டத்தில் டீக்கடையை எட்டுவதற்குள் பாதி மாடு அவிழ்த்துவிட்டிருப்பார்கள்.

தைப்பூசத்துக்குத் தெப்பம். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் திருமலை நாயக்கர் வெட்டியது. அவர் பிறந்த நட்சத்திரமும் பூசம் என்பார்கள். தெப்பத்துக்கு முந்தின நாள் சிந்தாமணியில் கதிரறுப்புத் திருவிழா நடக்கும். சாமியும் அம்மனும் அறுப்புக்குப் போய்விட்டு வந்துதான் தெப்பத்தில் ஏறுகிறார்கள். வீட்டில் அறுவடை முடிந்து மூட்டை வந்து சேர்ந்த பிறகு மனசு நிறைந்து சுற்றக் கிளம்புவது போல. குளத்துச் சுவரில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டே தெப்பம் பார்க்கணும். இதே நாட்களில் பழனிக்கு நடந்து போகிறவர்கள் நத்தம் ரோட்டில் சாரிசாரியாகப் போவார்கள். வழிநெடுக அன்னதானம்.

வருஷத்தில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய இன்னொன்று கள்ளிக்குடிக்குப் பக்கத்தில் வடக்கம்பட்டி. ஊர் ஊராக இருக்கும் முனியாண்டி விலாஸ்களுக்கு மூலஸ்தானம் அந்த ஊர் முனியாண்டி கோயில்தான். 1937இல் அந்த ஊர்க்காரர் ஒருவர் காரைக்குடியில் முதல் கடையை ஆரம்பித்தார். நன்றாக ஓடியது. அதைப் பார்த்து உறவுக்காரர்களும் ஊர்க்காரர்களும் கிளம்பினார்கள்; சாமி பெயரே கடைப் பெயராகிவிட்டது. தை மாதத்தில் கடைகளைப் பூட்டிவிட்டு எல்லாரும் ஊருக்கு வந்துவிடுவார்கள். நேர்ந்துவிட்ட ஆட்டையும் சேவலையும் அறுத்து, ராத்திரி முழுக்க அண்டா அண்டாவாகப் பிரியாணி போட்டு, சாமிக்குப் படைத்து, விடியற்காலையிலேயே பிரசாதமாகக் கொடுப்பார்கள். யார் எவர் என்று கேள்வி கிடையாது. வருஷம் முழுக்கச் சோற்றை விற்றவர்கள் அன்றைக்கு மட்டும் காசு வாங்காமல் போடுகிறார்கள். காலை டிபனுக்குப் பிரியாணி என்பது கொஞ்சம் பழகணும்.

மாசியில் சிவராத்திரி என்றால் இங்கே குலதெய்வம். ஊரில் பாதி வீடு பூட்டியிருக்கும். வேன் பிடித்து அவரவர் கோயிலுக்குப் போயிருப்பார்கள். உசிலம்பட்டி, பாப்பாபட்டி, கருமாத்தூர் பக்கம் சாமிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஊர்வலத்தைப் பார்க்கலாம். அடுத்து பங்குனியில் திருப்பரங்குன்றத்தில் முருகனுக்குக் கல்யாணம். பெற்றோர் இல்லாமல் எப்படி நடக்கும்? மீனாட்சியும் சொக்கரும் மதுரையிலிருந்து கிளம்பி அங்கே போவார்கள். அடுத்த மாதம் அம்மா கல்யாணத்துக்கு மகன் மதுரைக்கு வருவார். இந்தக் கணக்கில் முறையெல்லாம் கேட்கக் கூடாது.

இப்போது கண்மாய்க்கு வருவோம். மழையில் நிறைந்த தண்ணீர் நெல் அறுப்போடு குறைந்து, பங்குனி சித்திரையில் முழங்கால் அளவுக்கு வந்துவிடும். அப்போதுதான் மேலூர், கொட்டாம்பட்டி பக்கமெல்லாம் ஒவ்வொரு கண்மாயாக மீன்பிடித் திருவிழா. முந்தின நாளே சுற்று ஊர்களுக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். விடிவதற்கு முன்னால் கரை முழுக்க ஆள் நிற்கும். கையில் ஊத்தா, கச்சா என்று மீன்பிடிச் சாமான்கள், வலை, எதுவும் இல்லாதவர்கள் கொசுவலை, சேலை. ஊர்ப் பெரியவர்கள் கரைச் சாமியைக் கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அவ்வளவுதான், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பேர் தண்ணீரில்.

ஊத்தா என்பது மூங்கிலில் முடைந்த கூடை, மேலும் கீழும் திறந்திருக்கும், கீழே அகலம், மேலே குறுகல். கலங்கிய தண்ணீரில் மீன் இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. குத்துமதிப்பாக ஊத்தாவைச் சேற்றில் அழுத்திக் குத்திக்கொண்டே போகணும். உள்ளே ஏதாவது மோதினால் கைக்குத் தெரியும். உடனே மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவணும். விரால் என்றால் வழுக்கும், கெளுத்தி என்றால் முள்ளால் குத்தும். குத்து வாங்கினால் அன்றைக்கு முழுக்கக் கை கடுக்கும். இரண்டு மணி நேரத்தில் கண்மாய் வெறும் சேறாகிவிடும். பிடித்த மீனை விற்கக் கூடாது என்பதுதான் பொதுவான வழக்கம். வீட்டில் குழம்பு வைக்கணும், கிடைக்காதவர்களுக்குக் கொடுக்கணும். மாங்காய்க் காலமாக இருப்பதால் குழம்பில் ரெண்டு கீத்து மாங்காயும் விழும். அன்றைக்கு மத்தியானம் அந்த ஊரில் எந்தத் தெருவுக்குள் போனாலும் ஒரே வாசனைதான். கண்மாயைக் கட்டிக் காத்த சாமிக்கு நன்றியாகவும், அடுத்த மழை நன்றாகப் பெய்யவும் இதைச் செய்வதாகச் சொல்வார்கள். மீன் பிடிக்க ஏலம் விட்ட கண்மாய்களில் இது நடக்காது. அப்படிப்பட்ட கண்மாய்கள் கூடிக்கொண்டே வருவது வருத்தம்தான்.

சித்திரையைப் பற்றி வருகிற எல்லாரும் ஏதாவது சொல்வார்கள் என்பதால், சாப்பாட்டுப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். முதலில் ஒரு சின்ன வரலாறு. கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று மாதங்களின் பெயரில் தெருக்கள் இருக்கின்றன. ஆனால் சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில். காரணம், மீனாட்சி கல்யாணமும் தேரும் முன்பு மாசியில் நடந்தன. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் அதைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார். அறுப்பு முடிந்து கையில் நெல்லும் நேரமும் இருக்கிற மாதம். நாட்டுப்புறத்து ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வர இதைவிடத் தோதான காலம் ஏது?

திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளி வளாகத்தில் கல்யாண விருந்து. முந்தின நாளே அரிசி, பருப்பு, காய்கறி என்று அவரவர் கொண்டுவந்து இறக்குவார்கள். ராத்திரி பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். அங்கே போய் அரிவாள்மனையைப் பிடித்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். சாப்பிட்டு முடித்து நேரே மொய் எழுதுகிற இடத்துக்குப் போவார்கள். ஆமாம், மீனாட்சி கல்யாணத்துக்கு மொய் உண்டு. ஊர்ப் பெண் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு போவது மதுரையில் நடக்காது.

அழகர் வரும் பாதையில் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள் (சாமி நின்று போகும் பந்தல்கள்). சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, சுண்டல், தயிர்சாதம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். வெயிலுக்கு நீர்மோரும் பானகமும். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு மூன்றுமாவடி, தல்லாகுளம் பக்கம் நின்றால் பெண்கள் சொம்பில் சர்க்கரையை நிரப்பி, வாயை வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றிக் காட்டுவார்கள். தீபம் முடிந்ததும் அந்தச் சர்க்கரையை அக்கம்பக்கத்தில் நிற்பவர்களின் கையில் அள்ளி வைப்பார்கள். அறிமுகமே தேவையில்லை, கையை நீட்டினால் போதும். அழகர் ஆற்றில் இறங்கும்போது உடுத்தியிருப்பது பச்சைப்பட்டு என்றால் வருஷம் செழிப்பு என்று ஒரே ஆரவாரமாக இருக்கும். அன்றைக்கு ஆற்றில் ஓடும் தண்ணீர் வைகை அணையிலிருந்து அதற்காகவே திறந்துவிடுவது.

வைகாசி, ஆனி பற்றி அதிகம் இல்லை. நுங்கு, பதநீர், அழகர்மலை அடிவாரத்திலும் நத்தம் ரோட்டிலும் மாம்பழம். ஆனிப் பௌர்ணமிக்குச் சொக்கநாதருக்கு மா, பலா, வாழை முக்கனி அபிஷேகம். வீட்டு மொட்டை மாடியில் வடகம், மோர்மிளகாய் காய வைத்து முடித்துவிடுங்கள்.

ஆடிப்பெருக்கைக் காவிரிக் கரை மாதிரி இங்கே எதிர்பார்க்காதீர்கள். ஆடி மாதம் வைகையில் தண்ணீர் ஓடினால் அதுவே செய்தி. ஆடிக்கு இங்கே அம்மன் கோயில் கூழும் அழகர்கோயில் தேரும். அழகர்கோயிலுக்கு எந்த மாதம் போனாலும் தோசை வாங்காமல் திரும்பக் கூடாது. சம்சாரிகள் (விவசாயிகள்) காணிக்கையாகக் கொண்டுவந்து கொட்டும் தானியத்தில் செய்வது. கறுப்பு உளுந்து, மிளகு, சீரகம் போட்டு, நெய்யில் வேகவைத்த கனமான தோசை. ஓட்டல் தோசையை நினைத்துக்கொண்டு வாங்கினால் ஏமாற்றம். பிய்த்து, மெதுவாக மென்று சாப்பிடணும், சட்னி கேட்காதீர்கள்.

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்கு மீனாட்சி கோயில் முக்குறுணிப் பிள்ளையாருக்கு 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை. இந்தப் பிள்ளையாரே தெப்பக்குளம் வெட்டும்போது கிடைத்தவர் என்பார்கள். ஆவணி மூலத்துக்குப் புட்டுத் திருவிழா. வைகையில் வெள்ளம் வந்து கரை உடைந்தபோது, வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமக்கணும் என்று பாண்டியன் உத்தரவு. ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சிவனே கூலியாளாக வந்து, உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கித் தின்றுவிட்டு, வேலை செய்யாமல் தூங்கிப் பிரம்படி பட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆரப்பாளையம் புட்டுத்தோப்பில் அதை இன்றைக்கும் நடத்துகிறார்கள். சாமி தலையில் மண் சுமப்பதைப் பார்த்துவிட்டுப் புட்டு வாங்கிச் சாப்பிடலாம். புட்டு உதிர்ந்தேதான் இருக்கும், அதைக் குறை சொல்ல முடியாது.

இந்த மாதக் கணக்குக்குள் அடங்காத ஒன்று நோன்புக் கஞ்சி. ரம்ஜான் பிறைக் கணக்கு என்பதால் சூரிய வருஷத்தில் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். 33 வருஷத்தில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். காஜிமார் தெருவிலும் கோரிப்பாளையத்திலும் அசர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு கஞ்சி ஊற்றுவார்கள். எந்த வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பதில்லை. நீங்கள் குடிவருகிற நேரத்தில் ரம்ஜான் நடந்துகொண்டிருந்தால், சாமான் மூட்டையிலிருந்து தூக்குவாளியை முதலில் எடுத்து வெளியே வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் சூடாக வாங்கிக்கொண்டு வந்தால் வாசனையே கெட்டுவிடும்.